பனி வந்தா குந்துங்க

"இதென்ன மகள், சிலிசிலிப் பை? வெளிய எடு. எடுண்டு சொல்றன். உள்ள இரிக்கிற பக்கோடாவ இந்தச் சட்டிக்குள்ள கொட்டிட்டு, பைய வீட்டுல வச்சிட்டு வா. அவசரமில்ல, வேன் நிக்கும். நான் நிப்பாட்டுவன்."

விடியச் சுபஹு தொழுத கையோடு புத்தளம் தில்லையடிப் பள்ளிவாசல் ஒழுங்கையில் வேன் வாசலை மறித்துக்கொண்டு லெய்லா ராத்தா சோதனை போடுகிறார். மலைக்குப் புறப்பட்ட பெண்கள் ஒவ்வொருவராகப் பையைத் திறந்து காட்டவேண்டும். சிலிசிலிப் பொலித்தீன் பை, பிஸ்கட் உறை, யோகட் கோப்பை, தண்ணீர்ப் போத்தலைச் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டி, எதுவும் ராத்தாவின் கையைத் தாண்டி வேனுக்குள் ஏறாது. மக்காவுக்குப் போகும்போதுகூட இவ்வளவு கெடுபிடி இருக்கவில்லை என்று சாரதி ஜபார் நானா ஸ்டியரிங்கில் தாடையை ஊன்றிக்கொண்டு முணுமுணுக்கிறார். போய் வந்தவர், அவருக்குத் தெரியும்.

ஊருக்கே மூத்த அக்காவான லெய்லா ராத்தாவுக்குத் தொழில் தையல். பள்ளிக்கூடச் சட்டை, அபாயா, தலையணை உறை, எதைக் கொடுத்தாலும் தைப்பார். ஆனால் தையல்கார லெய்லா வீடு எது என்று கேட்டால் தில்லையடியில் தலையைச் சொறிவார்கள். 'காட்டுக்குக் கூட்டிப் போற லெய்லா ராத்தா' என்று கேட்டுப் பாருங்கள், சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விடும். வருடாவருடம் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை, ஒரு வேன் நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குப் போய் வருவார். கொரோனாக் காலத்தில் மட்டும் போக முடியவில்லை. அப்போது ஆளைப் பார்க்கவே பாவமாக இருந்தது என்று பக்கத்து வீட்டார் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஆள் குட்டை. வாய் நீளம். கழுத்தில் கறுப்பு நாடாவில் ஒரு விசில் தொங்கும், குளிக்கும்போது மட்டும் கழற்றுவாராம். மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய தொண்ணூறாம் ஆண்டு உடுத்த உடுப்போடு தோணியேறி வந்த சனத்தில் ஒருத்தி அவர். அப்போது பாவாடை கட்டிய குமர்ப்பிள்ளை. எதையாவது விட்டுவிட்டு வந்தால் அது திரும்பக் கிடைக்காது என்பதை அன்றே படித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டு சொல்வார். அதனாலோ என்னவோ, யாராவது எதையாவது எங்கேயாவது விட்டுவிட்டு வந்தால் அவருக்குப் பொறுக்காது.

புத்தளத்தார் மலைக்குப் போவதென்றால் முதலில் உப்பைத்தான் கட்டுவார்கள். அட்டை கடித்தால் உப்புப் போடவேண்டும், நமக்கென்ன உப்புக்கா பஞ்சம். ஒவ்வொருத்தியும் ஒரு பால்மா டின் நிறையக் கொண்டுவருவாள். ராத்தா அதையும் பறித்து ஜபார் நானாவின் கதிரைக்கடியில் தள்ளிவிடுவார். "பாலாவி உப்பளத்துல பாத்தி ஓரமா ஒரு புல்லு முளைச்சிப் பாத்திரிக்கியளா? அந்த உப்பக் கொண்டுபோய்க் காட்டு மண்ணுல கொட்டப் போறியளோ? கால்ல போடுற மேஸுல சவர்க்காரத்தத் தேய்ச்சிப் போடுங்க. அட்டை வந்து மோந்து பாத்திட்டுப் போயிடும்." சொன்னபடியே அட்டை மோந்து பார்த்துவிட்டுப் போவதில்லை, சிலதுகள் ஏறத்தான் செய்யும். அப்போது அவரே குனிந்து விரலால் வழித்துச் சுண்டிவிட்டு, "அதுக்கும் பசி" என்பார்.

குருநாகல் தாண்டி, மாத்தளை தாண்டி, ரத்தோட்டையிலிருந்து பாதை வளைந்து வளைந்து ஏறும்போது பாதிப் பேருக்கு வயிற்றைப் பிரட்டும். மோந்து பார்க்கத் தேசிக்காய் ஆளுக்கொன்று கைக்கு வரும். அந்த நேரம் பார்த்து ராத்தா எழும்பி, கதிரை முதுகைப் பிடித்துக்கொண்டு பள்ளியில் பிரசங்கம் வைப்பதுபோல் பயான் செய்யத் தொடங்குவார். காட்டுக்குள்ளே பாட்டுப் பெட்டி போடக்கூடாது. குரங்குக்குத் தீன் கொடுக்கக்கூடாது. பூவொன்றையும் ஒடிக்கக்கூடாது. காய்ந்த புல்வெளியில் அடுப்பு மூட்டக்கூடாது. வழிகாட்டியை விட்டு முன்னால் போகக்கூடாது, அவர் இறங்காதே என்ற ஓடையில் இறங்கக்கூடாது. வானம் வெளித்திருந்தாலும் பின்னேர அஸர் தொழுகைக்கு முன் இறங்கிவிடவேண்டும். பிறகு ஆளுக்கொரு விசிலும், ஒரு பட்டி செம்மஞ்சள் துணியும் கொடுப்பார். துணி தலையில், விசில் கழுத்தில். எல்லாம் சொல்லி முடித்து, குரலைத் தாழ்த்திக் கடைசியாக ஒன்று சொல்வார்.

"பனி வந்தா குந்துங்க. என்ன நடந்தாலும் நடக்கப்படா. நிண்ட இடத்துல குந்தி மூணு தரம் ஊதுங்க. ஆள் வரும்வரைக்கும் ஊதுங்க."

இதைத் தில்லையடிப் பொடியன்கள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ராத்தா கடைத்தெருவில் வருவதைக் கண்டால் ஒருத்தன் "பனி வருது" என்பான், மற்றவர்கள் எல்லோரும் படாரென்று நடுத்தெருவில் குந்துவார்கள். ராத்தா கோபிக்கமாட்டார். "கெட்டிக்காரன்கள், அப்படியே பழகி வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போன பிறகு பெரியவர்கள் யாராவது அந்தப் பொடியன்களைப் பிடித்துக் காதைத் திருகுவார்கள். ஏன் திருகுகிறார்கள் என்பது பொடியன்களுக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கும்.

இனாஸ் என்று அவருக்கு ஒரே மகன். பாலாவி உப்பளத்தில் வேலை. கலியாணம் முடித்து ஒரு வருடம் நிறையவில்லை. ஒரு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை, வேலைக் கூட்டாளிகளோடு இந்த மலைக்குத்தான் போனான். வழிகாட்டி வேண்டாம் என்று விட்டார்கள். காலில் ரப்பர்ச் செருப்பு. பின்னேரம் மூடுபனி இறங்கி எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாமல் போனதும், எல்லோரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இனாஸ்தான் சிரித்திருக்கிறான். "சோளகக் காத்து வலக் கன்னத்துல படுது. நில்லுங்கடா, நான் ரோட்டப் புடிச்சிட்டுக் கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறான்.

களப்போரத்தில் பிறந்தவர்கள் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆழமில்லாத புத்தளம் கடல்நீர்க் களப்பில் பனி மூடினால், தோணியை விட்டு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில், காற்றை ஒரு கன்னத்தில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும். சோளகம் வீசும் மாதங்களில் அது ஒரே பக்கத்திலிருந்துதான் வீசும், ஒருநாளும் பொய் சொல்லாது. சின்ன வயதில் இனாஸே ஒருமுறை இறால் பிடிக்கப் போய்ப் பனியில் மாட்டி, அப்படித்தான் தனியே நடந்து வீடு வந்து சேர்ந்தான். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு லெய்லா ராத்தா ஒரு பிடி சீனியை அள்ளி அவன் வாயில் போட்டார். மலையில் காற்று அப்படியில்லை. ஒவ்வொரு முகட்டிலும் முட்டித் திரும்பும். வலக் கன்னத்தில் பட்டது அடுத்த வளைவில் இடக் கன்னத்தில் படும். அது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும். களப்பில் மலை ஏது.

இராணுவம் தேடியது, பொலிஸ் தேடியது, காட்டிலாகாக்காரர்களும் மலையடிவாரத்துச் சனமும் தேடினார்கள். கிடைத்தது ஒரு செருப்பு. இடக்கால் செருப்பு. யாரும் இறங்கமுடியாத ஒரு பள்ளத்தின் விளிம்பில் கிடந்தது. ஊர் விளங்கிக்கொண்டது. சனம் வந்து முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, ஒருவர் இறந்த செய்தி கேட்டால் சொல்லும் 'இன்னா லில்லாஹி' வசனத்தைச் சொல்ல வாயெடுத்தபோது, ராத்தா எழும்பி நின்று கையைக் காட்டி மறித்தார். "செருப்புக் கழண்டா ஆள் மௌத்தா? யாரும் என்ட வீட்டுல அதைச் சொல்லப்படா." அன்றிலிருந்து யாரும் சொல்லவில்லை.

இதில் மாட்டிக்கொண்டு நிற்பவள் றிஸ்லா, இனாஸின் மனைவி. கனமூலையில் தாய்வீடு இருந்தும் போகவில்லை. மாமி வெட்டுகிற துணியை மருமகள் தைக்கிறாள். ஒரே பீங்கானில் இருவரும் சாப்பிடுவார்கள். சண்டையும் பிடிப்பார்கள், அது அவர்களுக்குச் சீனிபோடாத தேத்தண்ணீருக்குப் பனங்கட்டி மாதிரி. ஆனால் வயது போகிறதே. அவள் கைம்பெண்ணுமில்லை, புருசன் உள்ளவளுமில்லை. பாலாவிச் சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அக்ரம், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர், தன் தங்கையை அனுப்பிப் பெண் கேட்டிருக்கிறார். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காழியாரிடம் போய் விசயத்தைச் சொன்னால் வழி பிறக்கும் என்று ஊரில் பெரியவர்களும் சொல்லிவிட்டார்கள். றிஸ்லா மாட்டேன் என்கிறாள். "மாமி வாயால இனாஸ் இல்லண்டு சொல்லட்டும், அதுக்குப் பொறகு போறன். அவங்கட மகன நான் முந்திக்கொண்டு மௌத்தாக்க மாட்டன்."

ராத்தாவுக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயை இறுக்கி வைத்திருக்கிறார். றிஸ்லா தையல் மிசினில் குனிந்திருக்கும்போது அவள் பிடரியைப் பார்ப்பார். ஒன்றிரண்டு நரைமுடி எட்டிப்பார்க்கிறது. பார்த்துவிட்டு எழும்பிப் போய் அடுப்பில் இல்லாத வேலையைச் செய்வார். ஒரு தாய்க்கு இதைவிடக் கொடுமையான கணக்கு வேறு என்ன. ஒரு பிள்ளை வாழவேண்டுமென்றால் மற்றப் பிள்ளை செத்துவிட்டது என்று தன் வாயால் சொல்லவேண்டும்.

மலையில் அவருக்கு ஒரு களவு வேலையும் உண்டு. ஏறும் பாதையில் பாதித் தூரத்தில் தகரம் வேய்ந்த பழைய இளைப்பாறும் கொட்டில் ஒன்று இருக்கிறது. மீன்வாடி மாதிரி இருப்பதால் ராத்தா அதை வாடி என்பார். அதன் கூரை விட்டத்துக்கு மேலே, தடித்த ரெக்சின் துணியில் அவரே தைத்த ஒரு பொட்டலம் வருடக்கணக்காக இருக்கிறது. ஒரு கம்பளி ஸ்வெட்டர், ஒரு சின்ன டோர்ச், பிஸ்கட் அடைத்த ஒரு தகர டப்பா, அந்த இடக்கால் செருப்பு. ஒற்றைச் செருப்போடு அவன் எப்படி இறங்குவான் என்பது அவருடைய யோசனை. ஒவ்வொரு வருடமும் பிஸ்கட்டை மாற்றுவார். பழைய ஸ்வெட்டரை எடுத்து, தில்லையடி வெயிலில் காயவைத்த மற்ற ஸ்வெட்டரை வைப்பார். காட்டில் ஒரு நூல்கூட விடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிற மனுசி செய்கிற வேலை இது. ராத்தாவை மரியாதையாக 'நோனா' என்று கூப்பிடும் சிங்கள வழிகாட்டி பண்டாரவுக்குத் தெரியும். அன்றைக்குத் தேடப்போனவர்களில் அவரும் ஒருவர். பெண்கள் தேத்தண்ணீர் குடிக்கும்போது அவர் விட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வேறெங்கோ பார்ப்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. இறங்கிவந்து எல்லோரும் வேனில் ஏறிய பிறகு, ராத்தா மட்டும் வெளியே நின்று மலையைப் பார்த்து மூன்று தரம் விசில் ஊதுவார். ஜபார் நானா இஞ்சினை நிறுத்துவார். வேனுக்குள் பிள்ளை அழுதால் வாயைப் பொத்துவார்கள். மலையிலிருந்து பதில் வருகிறதா என்று எல்லோரும் காது கொடுப்பார்கள். வராது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காத்து எதிர்ப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டு ராத்தா ஏறுவார். காற்று எந்தப் பக்கம் என்று யாரும் பார்ப்பதில்லை.

இந்த வருடம் றிஸ்லாவும் வந்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவளுடைய சாச்சியின் மகள், தங்கச்சி முறையான ஃபாஹிமா, கனமூலையில் போன மாதம் கலியாணம் முடித்தவள், தனியே வரப் பயமென்று இழுத்துக்கொண்டு வந்தாள் என்பது வெளியில் சொன்ன காரணம். அக்ரம் வீட்டார் பெருநாளுக்குப் பிறகு ஒரு முடிவு சொல்லக் கேட்டிருந்தார்கள் என்பது சொல்லாத காரணம். வேனில் மாமியும் மருமகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் நிக்கவெரட்டி வரைக்கும் ஒரு கதையில்லை. பிறகு ராத்தா, பையிலிருந்து பாண் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் எடுத்து அவள் மடியில் வைத்தார். "தின்னு. வெறும் வயித்தோட மலையேறப்படா." றிஸ்லா பாதியைப் பிய்த்து அவருக்கே திருப்பிக் கொடுத்தாள்.

வாடிக்குப் போய்ச் சேரும்வரை வானம் வெளிப்பாகத்தான் இருந்தது. கீழே புல்வெளி, அதற்குக் கீழே கறுத்த காடு. ஃபாஹிமா புது ஃபோனைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் திரிந்தாள். பாதையை விட்டுக் கொஞ்சம் இறங்கினால் அருவி தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தா வருகிறேன் என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். அடுத்த முகட்டிலிருந்து வெள்ளையாக ஒன்று உருண்டு வந்தது. பண்டார தலையை நிமிர்த்தி எல்லோரையும் வாடிக்குள் வரச் சொல்லி முடிப்பதற்குள் வாடியின் தூண்களே மறைந்துபோயின. கூடவே தூறல், கூடவே காற்று. செம்மஞ்சள் துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தடவிப் பார்த்ததில் ஒரு தலை குறைந்தது.

ராத்தா விசிலை வாயில் வைத்து மூன்று தரம் ஊதினார். கொஞ்சம் பொறுத்து, கீழே எங்கிருந்தோ மெலிதாக மூன்று விசில் வந்தது.

இத்தனை வருடமாக இந்த மலையைப் பார்த்து ஊதி, முதல் தடவையாக ஒரு பதில் வந்திருக்கிறது. ராத்தா கீழே இறங்க வாடிப் படியில் காலை வைத்துவிட்டார். பண்டார கையை நீட்டித் தடுத்தார். "நோனா, நீங்க தானே சொல்றது, பனி வந்தா குந்துங்க எண்டு. குந்துங்க. கயிறு இரிக்கி, நான் போறது." றிஸ்லா அவருடைய அபாயாவின் விளிம்பை முறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ராத்தா குந்தினார். குந்திக்கொண்டு ஊதினார். கீழிருந்து பதில் வரும், பிறகு காற்று திரும்பி அதைக் கொண்டுபோய்விடும், வலப்பக்கம் கேட்டது இடப்பக்கம் கேட்கும். பண்டார அந்தச் சத்தத்தைத் துரத்தித் துரத்திப் போகிறார் என்பது மட்டும் விளங்கியது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. உதடு வீங்கும்வரைக்கும் ராத்தா ஊதினார்.

பண்டார அவளை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். சொன்னது சொன்னபடி, இறங்கிய இடத்திலேயே ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்திருக்கிறாள் பிள்ளை. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் கீழே பள்ளம். அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் அழுதார்கள், சிரித்தார்கள். ஆனால் ஃபாஹிமா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. பல் அடித்துக்கொண்டது. பிளேன்டீக் கோப்பையைக் கொடுத்தால் விரல் மடங்கவில்லை, தேத்தண்ணீர் மடியில் கொட்டியது, சுட்டதுகூட அவளுக்குத் தெரியவில்லை. "உம்மா, கரண்ட் போயிட்டா?" என்று கேட்டாள். யாரைக் கேட்கிறாள் என்று விளங்கவில்லை. திரும்பவும் கேட்டாள்.

லெய்லா ராத்தா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். குளிர் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மலைக்குளிர் என்றால் அவருக்கு அது இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு தேத்தண்ணீர் கேட்கிற குளிர். ஒரு ஆளைப் பிடித்து உலுக்கி, இருக்கிற இடத்தை மறக்கடிக்கிற குளிரை அவர் கண்டதில்லை. புத்தளத்தில் ஒருத்தன் இரவு முழுக்கக் களப்புக்கரையில் கிடந்தாலும் காலையில் நுளம்புக் கடியோடு எழும்பி வருவான். அந்தக் கணக்கில்தான் அவர் இத்தனை வருடமும் மகனை உயிரோடு வைத்திருந்தார்.

"ஈர உடுப்பக் கழட்டணும் நோனா. காஞ்ச சூடு உடுப்பு என்னவும் இரிக்கா?" என்று பண்டார கேட்டார். ஒருத்தியிடமும் காய்ந்த துணி இல்லை, சாரலில் எல்லோரும் நனைந்திருந்தார்கள். பண்டார விட்டத்தைப் பார்க்கவில்லை. ராத்தாதான் பார்த்தார். உட்காரும் மர வாங்கில் ஏறிக் கையை மேலே விட்டுப் பொட்டலத்தை இழுத்தார். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ரெக்சின் துணிக்குள் ஸ்வெட்டர் மொரமொரவென்று காய்ந்திருந்தது. பெண்கள் அபாயாக்களை விரித்து மறைப்புக் கட்டினார்கள். ராத்தா தன் கையாலேயே ஃபாஹிமாவுக்கு அதைப் போட்டுவிட்டு, அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு முதுகைத் தேய்த்தார். கை நீளமான ஸ்வெட்டர். ஆம்பிளை ஸ்வெட்டர். றிஸ்லாவுக்கு அது யாருடைய அளவு என்று சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை.

நடுக்கம் நிற்க நெடுநேரம் எடுத்தது. "ராத்தா, இது வாடியா?" என்று ஃபாஹிமா தெளிந்து கேட்டபோதுதான் ராத்தா பிடியைத் தளர்த்தினார். பிறகு பண்டாரவிடம், மற்றவர்களுக்குக் கேளாதபடி கேட்டார்.

"ராவைக்கு இதைவிடக் குளிரா இரிக்குமா?"

பண்டார கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவதை நிறுத்தவில்லை. "நிறைய, நோனா."

"அண்டைக்கு மழையும் பெஞ்சதா?"

"பெஞ்சது. விடியவரைக்கும்."

"அவன் வெறும் சேட்டோட தான் போனவன்" என்றார் ராத்தா. "அப்ப விடியக் கண்டிரிக்க மாட்டான்."

பண்டார தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற றிஸ்லா வாயில் முக்காட்டு நுனியை அடைத்துக்கொண்டாள்.

பனி வந்த மாதிரியே திடீரென்று விலகியது. இறங்க ஆயத்தமானபோது ராத்தா பிஸ்கட் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் பங்கு வைத்தார். மாற்றக் கொண்டுவந்த புது பிஸ்கட்டையும் பழைய பிஸ்கட்டையும் ஒன்றாகவே கொடுத்தார். பழையது நமுத்துப்போயிருந்தது, ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. டோர்ச்சைப் பண்டாரவிடம் கொடுத்தார். மாற்றி வைக்கவென்று ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டாவது ஸ்வெட்டர் பைக்குள்ளே நனைந்து கிடந்தது. ரெக்சின் துணியை நான்காக மடித்தார். அதற்குள் கிடந்த செருப்பைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த தூசியைத் தட்டி, கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"திரும்ப வைக்கிறதா நோனா?" என்று பண்டார விட்டத்தைக் காட்டிக் கேட்டார்.

"இல்ல. காட்டுல ஒண்டும் விட்டிட்டுப் போகப்படா."

வழுக்கும் பாதையில் ஃபாஹிமாவை நடுவில் விட்டு மெதுவாக இறங்கினார்கள். வழமையில் ராத்தாதான் வழியெல்லாம் கதைத்துக்கொண்டு வருவார், குப்பை கிடந்தால் குனிந்து பொறுக்குவார், முன்னால் போகிறவளைப் பேசுவார். அன்றைக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் யாரோ வீசிய டொபி உறையொன்று கிடந்தது. றிஸ்லா குனிந்து அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

காட்டு வாயிலில் பண்டார தலைகளை எண்ணி அனுப்பினார். பெண்கள் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஃபாஹிமா ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுக்கப் பார்த்தாள். "போட்டுக்க மகள். அது உனக்கு" என்றார் ராத்தா. கடைசியாக அவர் மட்டும் வெளியே நின்றார். ஜபார் நானா வழக்கப்படி இஞ்சினை நிறுத்தினார். மலை முகட்டில் மிச்சமிருந்த பனி கலைந்துகொண்டிருந்தது. ராத்தாவின் கை விசில்வரைக்கும் போனது, அதைப் பிடித்தது.

ஊதவில்லை. "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று மெல்லச் சொன்னார். இத்தனை வருடமாக தன் வீட்டில் யாரையும் சொல்லவிடாத வசனம். பிறகு ஏறி, றிஸ்லாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த செருப்பை அவள் மடியில் வைத்தார். பாண் வைத்த அதே மடியில். எட்டி வேன் கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினார்.

"எடுங்க நானா" என்றார். "எல்லாரும் வந்திட்டோம்."